இரண்டு இன்ஜினும் ஒரு நாற்காலியும்

எலக்ட்ரீஷியன் தொழிலில் ஒரு வசதி, செய்த தப்பு யார் கண்ணுக்கும் தெரியாது; ஒரு தொல்லை, செய்தவன் கண்ணுக்கும் தெரியாது.

ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத்தான் கூப்பிடுகிறார் என்றால் நீங்களும் என் கட்சிதான். ஆடுகிற ஸ்டூலில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கம்பி சுற்றி, விளக்கு எரிந்ததும் "முன்ன மாதிரி வெளிச்சம் இல்லையே" என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு இறங்கியிருப்பீர்கள். உங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பேட்டரிக் கடை இருந்தது. மாதவரம் போகிற லாரிகளும் எண்ணூர் போகிற லாரிகளும் என் வாசலில் நின்றுதான் மூச்சு வாங்கும். லாரிகளோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

கட்டிக் கிடந்த லாஞ்சு

சூசையண்ணன் ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்தார். காசிமேட்டுக்காரர், ராயபுரம் கிறிஸ்தவக் கோயில் பங்கைச் சேர்ந்தவர், ஐம்பது வயது, எனக்குப் பல வருஷப் பழக்கம். லாஞ்சில் சாரங்கு, அதாவது சுக்கான் பிடித்து ஓட்டுகிறவர். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, உயிரோடு ஆடு, சில நேரம் மனிதர்கள் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற லாஞ்சு அது. பெயர் பத்மாவதி. இரண்டு இன்ஜின். கடலில் போய் நின்றுவிடுகிறது, பேட்டரிக் கோளாறுதான் என்று தோன்றுகிறது, வந்து பார் என்றார். லாரி நின்றால் இறங்கித் தள்ளலாம், லாஞ்சு நின்றால் எங்கே இறங்குவார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

போய்ப் பலகைக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தேன். டீசல் வாடை, அழுகின முட்டைக்கோஸ் வாடை, அடியில் தேங்கிய உப்புத் தண்ணீர். மேலும் கீழுமாக ஏதோ அசைந்தது. அது லாஞ்சு என்று புரிவதற்குள் காலையில் சாப்பிட்ட மூன்று இட்லியும் கடலுக்குப் போய்விட்டன. சூசையண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிவிட்டு, துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவருக்குள்ள அதிகாரத்தோடு தீர்ப்புச் சொன்னார்: "கவுறு கட்டி நிக்கிற போட்ல வாந்தி எடுத்த மொத ஆளு நீதான் நைனா."

குடோனில் ஒரு நாற்காலி

கோளாறு சுலபமானது. இரண்டு இன்ஜினுக்கு இரண்டு பேட்டரி இருந்தது சரி. ஆனால் எவரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் தடிக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார். விளக்கு, ஹாரன், அடித்தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப், எல்லாம் இரண்டிலிருந்தும் ஒன்றாகக் குடித்தன. ஒன்று தீரும்போது மற்றதும் தீர்ந்துவிடும். அப்புறம் ஒரு இன்ஜினும் கிளம்பாது. பெரிய டீசல் இன்ஜின், கையால் சுற்றிக் கிளப்புகிற சாதியும் இல்லை. அந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை நடுக்கடலில் நின்று, வேறு லாஞ்சு வந்து கட்டி இழுத்து வந்திருக்கிறது.

முதலாளி வரதராஜுலுவுக்கு இதை விளக்கினேன். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு டீசல் படாமல் லாஞ்சில் ஏறி இறங்கத் தெரிந்தவர். இரண்டு பேட்டரியையும் பிரித்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் ஒன்று தீர்ந்தாலும் மற்றது காப்பாற்றும் என்றேன். அவர் கம்பியை நம்பவில்லை, மனிதர்களைத்தான் சந்தேகப்பட்டார். சாரங்கு பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய்க் கோயில் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போடுகிறார் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். சூசையண்ணனை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "உன் சுவிட்சையும் போடு, பாக்கலாம். இன்னொரு தடவை கடல்ல நின்னா, குடோன்ல ஒரு நாற்காலி இருக்கு. சாரங்கு அதுல உக்காந்து மூட்டை எண்ணட்டும்."

காயலாங்கடை

எனக்கு வேண்டிய சுவிட்ச் சென்னையில் எந்தக் கடையிலும் இல்லை. லாரிக்கு ஒரு பேட்டரிதான், அதற்கு எதற்கு இத்தனை ஜோலி என்று கேட்டார்கள். நான்கு நாள் அலைந்து, கடைசியில் தண்டையார்பேட்டையில் ஒரு காயலாங்கடையில் கண்டுபிடித்தேன். உடைத்த ஏதோ வெளிநாட்டுப் படகிலிருந்து வந்திருக்க வேண்டும். சிவப்பு மூடி, உள்ளங்கை அளவு, நடுவில் ஒரு கைப்பிடி. முன்பக்க எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. கடைக்காரர் அதை ரசீதுக் கட்டின்மேல் பாரமாக வைத்திருந்தார்.

இது என்ன என்று தெரியுமா என்று கேட்டேன், விலையைக் குறைக்கலாம் என்ற நப்பாசையில். தெரியாது என்றார். தெரியாத பொருளுக்கு இவ்வளவு விலையா என்றேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இன்னான்னு தெரிஞ்சா நான் ஏன் எடை போட்டு வித்துகினு கீறேன்?"

தனிக்குடித்தனம்

பத்மாவதியில் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டவர் ஏகாம்பரம். வியாசர்பாடி. என் வயதுதான், நாற்பதை நெருங்கியவர். இடது இன்ஜினைப் பெரியவன் என்றும் வலது இன்ஜினைச் சின்னவன் என்றும் கூப்பிடுவார். பெரியவன் கிளம்ப நேரமாகும், கிளம்பிவிட்டால் நிற்க மாட்டான். சின்னவன் தொட்டதும் கிளம்புவான், ஆனால் புகைப்பான். இரண்டையும் ஒரே துணியால் துடைப்பார், இரண்டுக்கும் ஒரே அளவு எண்ணெய் விடுவார்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சுவிட்சைப் பொருத்தினேன். பழைய சேர்மானக் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, லாரி செல்ஃப் மோட்டாருக்குப் போடும் தடிக் கம்பியை இரண்டு பேட்டரியிலிருந்தும் தனித்தனியாக இழுத்தேன். நடுவில் இரண்டு தடவை படியேறிப் போய்க் கடலை எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தது. காரணம் உங்களுக்குத் தெரியும். சுவிட்சின் முகத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதினேன். ஒன்றில் வைத்தால் பெரியவன் பேட்டரி மட்டும். இரண்டில் சின்னவன் பேட்டரி மட்டும். எதில் வைத்தாலும் எந்த இன்ஜினையும் கிளப்பலாம். மூன்றில் இரண்டு பேட்டரியும் சேரும். இன்ஜின் ஓடும்போது மட்டும் அப்படி வைக்கலாம், டைனமோ இரண்டையும் நிரப்பும். லாஞ்சைக் கட்டிவிட்டால் பூஜ்யம். எல்லாவற்றையும் முதலாளிக்கும் சொல்லிக் கொடுத்தேன், கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டே. ஏகாம்பரம் மட்டும் வெட்டி எறிந்த கம்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, எனக்கு ஒப்பவில்லை என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார். கடைசியில் வாய்விட்டுச் சொன்னார்: "ஒரு வூட்ல ரெண்டு அடுப்பு பத்த வெச்சா அது வெளங்குமா நைனா?"

சந்தனக் காப்பு

ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சுவிட்சைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு சந்தன உருண்டை இருந்தது. நடுவில் காலணா அளவு குங்குமம். மேலே ஆணியில் சூசையண்ணன் மாட்டிய மாதா படம், அதற்கும் ஒரு பொட்டு. பேட்டரி இரண்டுக்கும் நடுவே நறுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்று சாறு வடித்துக்கொண்டிருந்தது. செம்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் பச்சையாகப் பூக்கும், கம்பி வீணாகும் என்று சொல்லிப் பழத்தை எடுத்தேன். ஏகாம்பரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார், எனக்காக.

நம்பர் தெரியாமல் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டேன். சுரண்டியா பார்க்க முடியும், சாமிக்குச் சாத்தியதை? கைப்பழக்கத்தில் திருப்புவதாக ஏகாம்பரம் சொன்னார். அப்படியும் தப்பு நடந்தால் என்ன செய்வது என்று விடாமல் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "நம்பரு நமக்குத்தான் மறைஞ்சிகீது. உள்ளாற கீறதுக்குத் தெரியும்."

இரண்டும் ஒரே நாளில்

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில் ஆள் வந்தது. லாஞ்சு கட்டின இடத்திலேயே கிளம்பவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். கைப்பிடி ஒழுங்காகப் பூஜ்யத்தில் இருந்தது. பேட்டரி இரண்டும் காலி. கடலில் நிற்காததால் முதலாளி அதை அரைக் குற்றமாக எடுத்துக்கொண்டார், ஆனால் குடோன் நாற்காலிக்குத் துணி போட்டுத் தூசி தட்டச் சொல்லிவிட்டதாகவும் சொல்லிவைத்தார். அடுத்த வாரமும் அதே கதை.

கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். எங்கேயும் கசிவு இல்லை. அப்போது எனக்கும் அந்தக் கோயில் திருவிழா ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வேலையில் தப்பிருக்கும் என்று நினைப்பதைவிட சூசையண்ணன் திருடுகிறார் என்று நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சுற்றி வளைத்துக் கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. கட்டுக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, நிதானமாகச் சொன்னார்: "என் மவ கல்யாணத்துக்கே பெட்ரோமாக்ஸ்தான் வெச்சேன். நீ வந்து துன்னல்ல? ஞாபகப்படுத்திப் பாரு."

மாலை ஐந்து மணி

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளந்தபோது இரண்டும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவுக்குச் செத்திருந்தன. பிரித்து வைத்த இரண்டு பேர் எப்படி ஒரே ராத்திரியில் ஒரே நோயில் சாவார்கள்? மறுநாள் மாலை லாஞ்சு வரும் நேரத்துக்குப் போய், ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சூசையண்ணன் கயிறு கட்டினார், கைப்பிடியைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார், சிலுவை போட்டுக்கொண்டு கரையேறிப் போனார். ஏகாம்பரம் தங்கி இரண்டு இன்ஜினையும் துடைத்தார். துணியை அலசிக் காயப்போட்டார். பிறகு, குழந்தைக்குப் போர்த்திவிடுகிறவர் மாதிரி குனிந்து, கைப்பிடியை மூன்றுக்குத் திருப்பினார்.

இறங்கிப் போய்க் கேட்டேன். மறைக்கவில்லை. ராத்திரி முழுக்க அண்ணனையும் தம்பியையும் தனித்தனியாகப் போட்டு வைக்க மனசு வரவில்லை, விடிந்ததும் முதல் ஆளாக வந்து பூஜ்யத்துக்குத் திருப்பிவிடுவேன், சொன்னால் நீ திட்டுவாய் என்றார். அவர் அம்மா போன பிறகு அவரும் அவர் அண்ணனும் ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு எட்டு வருஷம் ஆகிறதாம். அண்ணன் இருமுவது இந்தப் பக்கம் கேட்குமாம், போய்ப் பார்ப்பதில்லையாம். அதைக் கேட்டபின் எனக்குத் திட்ட வரவில்லை. பெரியவன் பேட்டரியைச் செல் செல்லாக அளந்து காட்டினேன். ஆறில் ஒன்று கெட்டிருந்தது. சீக்காளி ஒருவன் ராத்திரியெல்லாம் மற்றவன் பலத்தை உறிஞ்சுகிறான், இவனும் தேறுவதில்லை, அவனும் படுத்துவிடுகிறான் என்றேன். முதல் நாளே இப்படி அளந்திருக்க வேண்டியவன் நான்தான். அதை மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

செல்லை மாற்றிக் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கேட்கச் சூசையண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர்மேல் விழுந்த பழி தீருமே என்று எனக்குச் சந்தோஷம். அவர் சாப்பிட்டுக்கொண்டே முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார். ஏகாம்பரத்துக்கு வேலை போகும், நாலு பிள்ளை. எனக்குப் போனால் நாற்காலியாவது மிஞ்சும் என்றார். அப்படியானால் இனி ஒரு தடவை நின்றாலும் உங்கள் தலைதானே உருளும் என்றேன். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "உருளட்டும். குடோன்ல ரெண்டு நாக்காலி போட எடமில்ல."

இரண்டு ஃபேன்

இனி வருவதில் என் பங்கும் உண்டு என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். தை மாதம் ஒரு கப்பல் ஏஜென்ட்டை முதலாளி லாஞ்சில் அழைத்துப்போக வேண்டியிருந்தது. டை கட்டிய மனிதர், வேர்க்கக் கூடாது. முதலாளி என்னிடம் ஃபேன் செய்யச் சொன்னார். பழைய லாரி மோட்டாரில் இறக்கை வைத்து இரண்டு செய்து கொடுத்தேன். சுற்றுவதைவிட அதிகமாகக் குடிக்கும் ஃபேன்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கப்பலில் ஏணி இறக்க நேரமாகும், பொறுங்கள் என்று சைகை வந்தது. டீசல் வீணாகிறது என்று முதலாளி இரண்டு இன்ஜினையும் நிறுத்தச் சொன்னார். அலைதடுப்புக் கற்களுக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு நின்றோம். கைப்பிடி ஒன்றில் இருந்தது. ஃபேனும் பம்ப்பும் பெரியவன் பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தன. காலை ஒன்பது மணி பகல் ஒன்றரை ஆயிற்று. நான் எங்கே இருந்தேன் என்று கேட்க மாட்டீர்கள். ஓரத்துப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலை வெளியே.

ஃபேன் மெதுவானது. ஏஜென்ட் டையைத் தளர்த்தினார். முதலாளி எழுந்தார். கைப்பிடியை மூன்றுக்குத் திருப்பு, இன்னொரு பேட்டரி சும்மாதானே இருக்கிறது என்று ஏகாம்பரத்துக்கு உத்தரவு போட்டார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன், வேறு எதுவோ வந்தது. மூன்று என்றால் ஏகாம்பரத்துக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். இப்போது முதலாளியே சொல்கிறார். சேர்த்தால் இரண்டும் தீரும், சூசையண்ணன் நாற்காலிக்குப் போவார். ஏகாம்பரம் சுவிட்சின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். "மாட்டேன் மொதலாளி," என்றார். "பெரியவன் துன்னு தீத்துட்டான். சின்னவன் தூங்கட்டும்."

இந்த லாஞ்சுக்கு யார் முதலாளி என்று வரதராஜுலு கேட்டார். கரைக்குப் போனதும் கணக்கை முடித்துக்கொள் என்றார். ஏகாம்பரம் அசையவில்லை. சூசையண்ணன் அந்தப் பேச்சில் இல்லை. நங்கூரக் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கூரம் சேற்றில் இழுபட்டுக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் கற்கள் பக்கத்தில் இருந்தன. அலை அவற்றில் மோதி எங்கள் முகத்தில் தெறித்தது. கிளப்பு என்றார். ஏகாம்பரம் பட்டனை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஃபேனும் நின்றுவிட்டது. முதலாளி சூசையண்ணனைப் பார்த்தார். ஏஜென்ட் கற்களைப் பார்த்தார். நான் பலகையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏகாம்பரம் சந்தனக் கறை போகாத அந்தக் கைப்பிடியை இரண்டுக்குத் திருப்பி மறுபடி அழுத்தினார். சின்னவன் ஒரு இருமல் இருமி, ஊரெல்லாம் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பினான். சூசையண்ணன் சுக்கானை ஒடித்துப் பிடித்தார். கற்கள் மெதுவாக எங்களை விட்டு விலகின. இரண்டில் வைத்தபடியே பெரியவனையும் கிளப்பினார்கள். கப்பல் வேண்டாம், கரைக்கே போகலாம் என்றார் ஏஜென்ட். துறைமுக வாய்க்குள் நுழையும்போது ஏகாம்பரம் என்னிடம் வந்து, பக்கத்தில் குனிந்து, ரகசியம் மாதிரி கேட்டார்: "ரெண்டு பேரும் ஓடிகினுதானே கீறாங்கோ. இப்ப சேத்து வெக்கலாமா நைனா?"

வாய் சும்மா இல்லாததால் சரி என்று தலையை ஆட்டினேன்.

நாற்காலி

முதலாளி ஏகாம்பரத்தின் கணக்கை முடிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. முதலாளிகளுக்கு இரண்டும் ஒரே நாளில் மறந்துபோகும். ஃபேன் இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து சூசையண்ணனைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்டாராம். அவர் யோசிக்காமல் குடோன் நாற்காலியைக் கேட்டிருக்கிறார். ஏகாம்பரம் வீட்டுச் சுவரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த தடவை போனபோது அந்த நாற்காலி லாஞ்சின் பின்பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, நான்கு காலுக்கும் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. வயதாகிறது, உட்கார்ந்து ஓட்டப் போகிறார் என்று நினைத்தேன். சூசையண்ணன் என் தோளைப் பிடித்து அதில் அழுத்தினார்: "எம்மா நாளைக்குத்தான் நின்னுகினே வாந்தி எடுப்ப? ஒக்காரு."

ஆறு வருஷம் பத்மாவதிக்கு வேலை பார்த்ததில் கடல் எனக்குக் கொடுத்த ஒரே பதவி அந்த நாற்காலிதான், அதை நான் ஒரு நாளும் காலியாக விட்டதில்லை.